எடை குறைந்த .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள்: வாங்குவது முதல் மலைவேட்டை வரை முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங், மொன்டானா பக்கம் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர் துப்பாக்கியால் சுடும் நேரம் சில நொடிகள்தான். சுமக்கும் நேரம் முழு நாள். அதுவும் 9,000, 10,000 அடி உயரத்தில், மூச்சு வாங்கும் சரிவுகளில். எடை குறைந்த ரைஃபிள் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. எல்க் சிறிய விலங்கும் இல்லை. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் 300 கஜம் தள்ளி நிற்கும். மேக்னம் எனப்படும், கூடுதல் வெடிமருந்து உள்ள வலுவான தோட்டா மீதான ஆசை அங்கே பிறக்கிறது.

இரண்டு ஆசையும் தனித்தனியே நியாயமானவை. ஒரே துப்பாக்கியில் சேரும்போது கணக்கு மாறிவிடும். முதுகில் குறைத்த எடை, சுடும்போது உதைப்பாகத் தோளுக்குத் திரும்பி வரும். உதைப்புக்கு உடல் பயந்துவிட்டால் குறி போய்விடும். எனவே இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: எடையை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

உதாரணத்துக்கு ஒரு துப்பாக்கி வேண்டும். டிக்கா டி3எக்ஸ் லைட், .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கானது. விலை நடுத்தரம், அமெரிக்கக் கடைகளில் எளிதில் கிடைக்கும், குறை சொல்ல அதிகம் இல்லாத துப்பாக்கி. வேறு நிறுவனத்தின் எடை குறைந்த ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் இதிலுள்ள பெரும்பாலான விஷயங்கள் பொருந்தும்.

படி 1: முதலில் சட்டம்

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. இங்கே சொல்வது அமெரிக்க மேற்கு மாநிலங்களுக்கு, அதிலும் குறிப்பாகக் கொலராடோவுக்கு.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் ஒன்றைக் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே, உரிமம் பெற்ற கடையில் படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து ரைஃபிள் வாங்கலாம். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) கையில் வாங்குவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசாவே ஆபத்தில் சிக்கக்கூடிய விஷயம் என்பதால், சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்பதுதான் சரி.

கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வயது விலக்கு உள்ளவர்களும் அந்த வகுப்பில் உட்காருவது நல்லது. ரைஃபிளால் எல்க் சுட குண்டின் விட்டம் குறைந்தது 0.24 அங்குலம், எடை குறைந்தது 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்), 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. .300 மேக்னம் இதைவிடப் பல மடங்கு வலுவானது. ஆக, சட்டத்துக்காக யாருக்கும் மேக்னம் தேவைப்படுவதில்லை.

படி 2: தோட்டாவைப் புரிந்துகொள்ளுங்கள்

.300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல் வந்தது. அதன் வம்சம் இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் வெளியிட்ட .375 தோட்டாவிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பழைய தோட்டாவின் கூடு நீளமாக, மெலிதாகச் சரிந்துகொண்டே போகும். துப்பாக்கியின் அறைக்குள் அது சரியான ஆழத்தில் நிற்பதற்காக அடிப்பகுதியைச் சுற்றி ஒரு பட்டை வைத்தார்கள். வின்செஸ்டர் அந்தக் கூட்டைச் சுருக்கி, .30-06 என்ற பழகிய வேட்டைத் தோட்டாவுக்கான வழக்கமான நீளமுள்ள போல்ட் அமைப்புக்குள், அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளி வெளியே எடுக்கும் நகரும் பூட்டமைப்புக்குள், அடங்கும்படி செய்தது. கூடு 66.5 மில்லிமீட்டர் நீளம். தெளிவான தோள் வளைவு இருப்பதால் பட்டைக்கு இப்போது பெரிய வேலை இல்லை, ஆனாலும் பரம்பரைச் சொத்தாகத் தொடர்கிறது.

180 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம், குழலை விட்டு நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும். .30-06இல் அதே குண்டு சுமார் 820 மீட்டர் வேகத்தில் போகும். இரண்டையும் 200 கஜத்துக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறிபார்த்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) அமைத்தால், 400 கஜத்தில் மேக்னம் குண்டு நாலைந்து அங்குலம் குறைவாக இறங்கும், காற்றாலும் கொஞ்சம் குறைவாக விலகும். இந்த லாபத்துக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக வெடிமருந்து எரிகிறது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுடப்போகும் தூரம் 250 கஜத்துக்குள் என்றால், .30-06 அல்லது .308 என்ற இன்னொரு தோட்டா போதும். திறந்த மலைச்சரிவில் 300, 400 கஜம் என்பது நிஜமாகவே எதிர்ப்படும் இடங்களில்தான் மேக்னத்துக்கு அர்த்தம் உண்டு. அதற்குரிய பயிற்சியை எடுக்க நேரம் ஒதுக்குபவர்களுக்குத்தான் அது பயன்படும்.

படி 3: உதைப்பை நீங்களே கணக்கிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். பள்ளிக்கூட இயற்பியல்தான். முன்னே போகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்துடன் துப்பாக்கி பின்னே வரும்.

குண்டின் உந்தம்: 0.0117 கிலோ × 900 = சுமார் 10.5. வெடிமருந்து ஏறக்குறைய 4.5 கிராம். அது வாயுவாகி நொடிக்கு 1,430 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால் இன்னொரு 6.5. மொத்தம் 17. இதைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்னே வரும் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் உதைப்பு ஆற்றல்.

ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்து 3.6 கிலோ ரைஃபிளில் இது சுமார் 40 ஜூல் வருகிறது. அதே தோட்டாவை 4.5 கிலோ ரைஃபிளில் சுட்டால் சுமார் 32 ஜூல். 3.6 கிலோ ரைஃபிளில் 150 கிரெயின் .308 தோட்டா என்றால் 22 ஜூல் அளவுதான். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரட்டிப்பு.

ஜூல் மட்டுமே முழுக்கதையும் சொல்லாது. எடை குறைந்த துப்பாக்கி பின்னே வரும் வேகமும் அதிகம், இங்கே நொடிக்கு 4.7 மீட்டர். கனமான துப்பாக்கி தள்ளும், மெலிந்த துப்பாக்கி அறையும். உடல் பயப்படுவது அந்த அறைதலுக்குத்தான்.

எனவே எல்லாம் சேர்த்த மொத்த எடை 3.5 கிலோவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. இதைவிட மெலிந்த மேக்னம் ரைஃபிள்களும் சந்தையில் உண்டு. பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கு அவை சரி. முதல் மேக்னமாக அதை வாங்காதீர்கள்.

படி 4: ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தல்

டிக்கா ரைஃபிள்களைப் பின்லாந்தின் ரீஹிமாகி நகரில் சாக்கோ நிறுவனம் தயாரிக்கிறது. டி3 வரிசை 2003இல் வந்தது. 2016இல் டி3எக்ஸ் என்று மேம்படுத்தினார்கள். அந்த மாற்றத்தில் மேக்னம் வாங்குபவருக்கு முக்கியமானவை இரண்டு. உதைப்பைத் துப்பாக்கியின் கட்டைக்குக் கடத்தும் சிறு உலோகத் தாங்கி அலுமினியத்திலிருந்து எஃகுக்கு மாறியது. தோளில் படும் ரப்பர் பட்டையும் மென்மையானது. பழைய டி3 மேக்னம் மலிவாகக் கிடைக்கிறதே என்று யோசிப்பவர்கள் இந்த இரண்டையும் மனதில் வையுங்கள்.

லைட் வகையின் வெற்று எடை சுமார் 2.9 கிலோ. மேக்னம் தோட்டாவுக்கான குழல் 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். குழலை வெட்டிக் குறைக்கும் யோசனை வேண்டாம். வேகமும் போகும், முகத்துக்கு அருகே சத்தமும் கூடும், மேக்னம் வாங்கிய காரணமே அடிபட்டுப்போகும். போல்ட்டை 70 பாகை உயர்த்தினால் போதும் என்பதால் ஸ்கோப்பில் கை இடிக்காது. விசையின் இழுப்பை ஒன்று முதல் இரண்டு கிலோவுக்குள் சரிசெய்யலாம். குளிரில் கையுறை போட்டுச் சுடப்போகிறவர்கள் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இறக்க வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியது: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். பார்வை குழலின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ தேட வேண்டியிருந்தால் கட்டையின் நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை. நம்மில் பலருக்கு அமெரிக்க, ஐரோப்பிய அளவுக் கட்டை கொஞ்சம் நீளமாகவே இருக்கும். தடித்த குளிர்கோட்டு போட்டால் இன்னும் நீளும். முடிந்தால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள்.

சேஃப்டி, அதாவது விசையைப் பூட்டும் பாதுகாப்புத் தாழ் பற்றி ஒன்று. டிக்காவில் சேஃப்டி போட்டிருக்கும்போது போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். புதரில் உரசித் திறந்துவிடாது என்பது நல்லது. ஆனால் அறையிலிருக்கும் தோட்டாவை வெளியே எடுக்கச் சேஃப்டியை விலக்கித்தான் ஆக வேண்டும். எனவே தோட்டாவை இறக்கும் ஒவ்வொரு முறையும் குழலின் முனை பாதுகாப்பான பக்கம் இருக்கிறதா, விரல் விசைக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: ஸ்கோப்பும் அதன் பிடிப்பும்

எடையைக் குறைக்க எனக்குப் பிடித்த இடம் இதுதான். 3-9×40 அளவு ஸ்கோப் 350 முதல் 450 கிராமுக்குள் கிடைக்கும், 400 கஜ வேட்டைக்குத் தாராளமாகப் போதும். முக்கால் கிலோ எடையுள்ள நீண்டதூர ஸ்கோப்பை லைட் ரைஃபிளின் தலையில் ஏற்றினால் சமநிலை கெடும், உதைப்பில் பிடிப்பும் நழுவும்.

மேக்னத்துக்குப் பார்க்க வேண்டிய முதல் எண், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே வேண்டிய தூரம். 9 சென்டிமீட்டருக்குக் குறைவான எதையும் வாங்காதீர்கள். புருவத்தில் வளைவான வெட்டுக்காயத்தோடு ரேஞ்சிலிருந்து திரும்புகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமல் வாங்கியவர்கள்.

டி3எக்ஸின் மேற்பகுதியில் திருகுத் துளைகளும் உண்டு, 17 மில்லிமீட்டர் தண்டவாளப் பள்ளமும் உண்டு. திருகால் இறுகும் பிடிமானத்தை நான் விரும்புவேன். துளைகளில் உள்ள எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். வளையத் திருகுகளுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு போதும், முறுக்கு அளவுகாட்டும் கருவியால் இறுக்குங்கள். கையால் ‘நல்லா இறுக்கிட்டேன்’ என்பது ஸ்கோப் குழாயை நசுக்கிவிடும். அடிப்பகுதிக்கும் கட்டைக்குமான திருகுகளுக்குத் தயாரிப்பாளர் கையேட்டிலுள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

படி 6: எந்தத் தோட்டா

மேக்னத்தில் குண்டின் கட்டமைப்பு மற்ற எதையும்விட முக்கியம். 350 கஜத்தில் அழகாக விரியும் சாதாரண ஈயக்குண்டு, 40 கஜத்தில் எல்க்கின் தோள்பட்டை எலும்பில் முழு வேகத்தில் மோதினால் சிதறிவிடலாம். உள்ளே போகாமல் மேலேயே பெருங்காயம் ஏற்படும், விலங்கு தப்பி ஓடி நெடுநேரம் துன்பப்படும். அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லர் 1940களில் இதே சிக்கலைக் கனடாவின் மூஸ் (மிகப் பெரிய மான் இனம்) வேட்டையில் சந்தித்துத்தான், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது.

180 கிரெயின் பார்ட்டிஷன், அல்லது ஈயமும் செப்பு உறையும் பிணைக்கப்பட்ட குண்டு, அல்லது முழுச் செப்புக்குண்டு, மூன்றில் எதுவும் சரி. செப்புக்குண்டு எடை இழக்காது, எனவே 165 கிரெயினே போதும். உதைப்பும் சற்றுக் குறையும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். இறைச்சியைக் குழந்தைகள் சாப்பிடப்போகும் வீட்டில், சட்டம் கேட்காவிட்டாலும் செப்பையே நான் சொல்வேன்.

மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். பிடித்ததில் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள பெட்டிகளாகச் சேர்த்து வாங்குங்கள். பெட்டியின் பெயரைக் குழலில் பொறித்துள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது கட்டாயம். .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் என்று இன்னொரு தோட்டாவும் உண்டு, இரண்டும் வேறு வேறு.

படி 7: ஜீரோ செய்தல்

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வையுங்கள். பின்னாலிருந்து குழல் வழியாக 25 கஜத்திலுள்ள அட்டையின் மையத்தைப் பாருங்கள். துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் சிலுவைக்கோட்டையும் அதே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். இதனால் முதல் குண்டே அட்டையில் விழும், விலை உயர்ந்த தோட்டாக்கள் வீணாகாது.

25 கஜத்தில் ஒன்றிரண்டு சுடுங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் நான்கு கிளிக் (சரிசெய்யும் குமிழின் நான்கு சிறு நகர்வு) என்பது 100 கஜத்தில் ஒரு அங்குலம். 25 கஜத்தில் அதே ஒரு அங்குலத்துக்குப் பதினாறு கிளிக் வேண்டும். பலர் குழம்புவது இங்கேதான். குறியிலோ அரை அங்குலம் கீழேயோ பட்டால் 100 கஜத்துக்குப் போங்கள்.

100 கஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வையுங்கள். அப்போது ஜீரோ 200 கஜத்துக்கு அருகே வரும். 300 கஜத்தில் சுமார் 7 அங்குலம், 400 கஜத்தில் சுமார் 20 அங்குலம் இறங்கும். இவை மதிப்பீடுகள். உங்கள் குண்டு, உங்கள் குழல், நீங்கள் நிற்கும் உயரம் மூன்றும் இதை மாற்றும். 300 கஜத்தில் நேரில் சுட்டுப் பார்க்காமல் 300 கஜத்தில் ஒரு உயிரைச் சுடக் கூடாது.

மெலிந்த குழல் சீக்கிரம் சூடாகும். மூன்று குண்டு, பிறகு குழலைத் தொட்டால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை காத்திருங்கள். தொடர்ந்து பத்து சுட்டுவிட்டு, குரூப் (குண்டுகள் பட்ட இடங்களின் தொகுப்பு) பரவுகிறது என்று ஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வேட்டையில் உங்களுக்கு வேண்டியது குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே போகிறது என்பது மட்டும். ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் அந்த முதல் குண்டைத் தனி அட்டையில் சுட்டு, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்த மேக்னத்தை மேசையில் சுடும் விதமும் வேறு. கனமான துப்பாக்கியை மணல்மூட்டையில் சும்மா கிடத்திச் சுடலாம். இதை அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் துள்ளும். முன்கட்டையை இடது கையால் உறுதியாகப் பிடித்து, கையோடு மூட்டையில் வையுங்கள். குழல் எதிலும் படக் கூடாது.

படி 8: உதைப்பைப் பழக்குதல்

காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுக்கவசம், இரண்டும் போடுங்கள். இதுபோன்ற ரைஃபிளின் வெடியோசை 160 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில்கூடக் காது பழுதாகலாம். மனிதர்கள் உதைப்பு என்று நினைத்துப் பயப்படுவதில் பாதி சத்தத்துக்கான பயம். குழல்முனையில் பொருத்தும் பிரேக் உதைப்பைக் கணிசமாகக் குறைக்கும், ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் சத்தம் கொடூரமாகிவிடும். காட்டில் காதுக்கவசம் இல்லாமல் ஒருமுறைகூடச் சுடமாட்டேன் என்று உறுதி இருந்தால் மட்டும் அதைப் பொருத்துங்கள்.

ஒரு நாளில் மேக்னத்தில் பதினைந்து, இருபது தோட்டாவுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் உடல் கற்பது பயத்தை மட்டுமே. மீதிப் பயிற்சியை .22 ரைஃபிளில் செய்யுங்கள். டிக்காவின் டி1எக்ஸ் .22 ஏறக்குறைய இதே கட்டை வடிவத்தில் வருவதால் கைக்கு ஒரே பழக்கம் கிடைக்கும். வீட்டில் வெற்றுத் தோட்டா (வெடிமருந்தே இல்லாத போலித் தோட்டா) வைத்து, சுடும் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, விசையை மெதுவாக இழுத்துப் பழகலாம்.

அப்புறம் ஒரு சோதனை. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சிலமுறை நிஜத் தோட்டாவும் சிலமுறை வெற்றுத் தோட்டாவும் அறையில் வைத்துத் தரட்டும். வெற்றுத் தோட்டா வரும்போது குழல்முனை கீழே குத்தினால், அல்லது கண் மூடினால், பயம் குடியேறிவிட்டது. மேக்னத்தை உறையில் போட்டுவிட்டு .22க்குத் திரும்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசிக்கட்டப் பயிற்சி மேசையை விட்டு எழுந்து. உட்கார்ந்து, மண்டியிட்டு, பையின் மேல் வைத்து, ஊன்றுகோலில் சாய்த்து எனப் பழகுங்கள். 8 அங்குலத் தட்டு ஒன்றை வையுங்கள். இந்த நிலைகளில் எத்தனை கஜம்வரை எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுவே உங்கள் தூரம். தோட்டாப் பெட்டியில் என்ன அட்டவணை போட்டிருந்தாலும் சரி.

படி 9: மலையில்

கொலராடோவில் ரைஃபிள் வேட்டைக்குக் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடையும், அதே நிறத் தொப்பியும் கட்டாயம். வண்டியில் ஏறும்போது ரைஃபிளின் அறையில் தோட்டா இருக்கக் கூடாது என்பதும் சட்டம். நடக்கும்போதும் அறையைக் காலியாகவே வையுங்கள், மேகசினில் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியில்) தோட்டா இருந்தால் போதும்.

குழலின் வாயில் சிறு துண்டு மின்நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். பனியோ மண்ணோ அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். மெல்லிய நாடா, குண்டுக்கு முன்னால் வரும் காற்றிலேயே விலகிவிடும். போல்ட்டில் கெட்டியான எண்ணெய் இருந்தால் கடுங்குளிரில் உறைந்து, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி மெதுவாகும், எனவே வேட்டைக்கு முன் துடைத்து ஏறக்குறைய உலர்வாக விடுங்கள்.

சுட வேண்டிய நிலை ஒன்றுதான்: விலங்கு பக்கவாட்டில் நிற்க, முன்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். பின்பக்கம் காட்டி நிற்பதையும் ஓடுவதையும் விட்டுவிடுங்கள். மேக்னம் தவறான இடத்தில் பட்டதைச் சரிசெய்யாது. சுட்டவுடன் கண்ணை எடுக்காமல் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். விழவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்து, ரத்தத்தடம் பார்த்துப் போங்கள். தேடுவதைப் பாதியில் விடக் கூடாது, உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்கக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

படி 10: திரும்பி வந்த பிறகு

குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் திறந்தபடி கொண்டுவந்தால் உலோகம் முழுக்க வியர்த்துவிடும். காலி செய்து, உறையில் மூடியபடியே சில மணி நேரம் விட்டு, பிறகு துடையுங்கள். குழலை அறைப் பக்கத்திலிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். முனைப்பக்கம் கோலை நுழைத்தால் குழல்வாயின் விளிம்பு தேயும், துல்லியம் அங்கேயே போகும். விமானத்தில் எடுத்துச் சென்றாலோ, துப்பாக்கி கீழே விழுந்தாலோ, கட்டையைக் கழற்றி மாட்டினாலோ மறுபடி மூன்று குண்டு சுட்டு ஜீரோவைச் சரிபாருங்கள். வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டி, போல்ட்டையும் தோட்டாக்களையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள்.